ஜேம்ஸ் பாண்ட் யாருடைய பெயர்? கடன் வாங்கிய பெயர்களால் ஜெயித்து, ஒரே ஒரு புத்தகத்தில் மாட்டிக்கொண்ட இயான் ஃப்ளெமிங்

பெரும்பாறையில் இருட்டிய பிறகு செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. திண்டுக்கல் பக்கமிருந்து கீழ்ப்பழனி மலை ஏறினால் காபித் தோட்டங்களுக்கு நடுவே வரும் ஊர். பகலில் புல்லாவெளி அருவி, வழியெல்லாம் மிளகுக் கொடி. ராத்திரி ஆனால் குளிர், கையில் ஒரு டம்ளர் காபி, அப்புறம் அரட்டைதான். வீக் எண்டுக்கு மலையேறிய நண்பர்கள் கூட்டம் என்றால் அரட்டை எப்படியும் சினிமாவில் வந்து நிற்கும். அதில் ஒருவர் பாண்ட் ரசிகராக இருந்துவிட்டால் போச்சு. அடுத்த படத்துக்கு என்ன டைட்டில்?

2025 பிப்ரவரியில் பாண்ட் படங்களின் கதை, நடிகர் தேர்வு எல்லாவற்றையும் முடிவு செய்யும் அதிகாரம் அமேசான் எம்ஜிஎம் நிறுவனத்தின் கைக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. ஜூனில் இயக்குநர் டெனி வில்நவ் என்றார்கள். அப்போதிருந்து உலகம் முழுக்க ரசிகர்கள் அடித்துக்கொள்வது பெயருக்காக. ஒரு தரப்பு, ஃப்ளெமிங் எழுதி இன்னும் படத்துக்கு வைக்காத தலைப்புகளையே எடுக்க வேண்டும் என்கிறது. அப்படி மிச்சம் இருப்பவை நாலே நாலு: ‘தி ப்ராப்பர்ட்டி ஆஃப் எ லேடி’, ‘ரிஸிகோ’, ‘தி ஹில்டிப்ராண்ட் ராரிட்டி’, ‘007 இன் நியூயார்க்’. இன்னொரு தரப்பு, இதெல்லாம் சிறுகதைப் பெயர், போஸ்டரில் நிற்காது, புதுசாக யோசியுங்கள் என்கிறது.

இந்தச் சண்டையில் ஒரு வேடிக்கை உண்டு. ஃப்ளெமிங்கின் பெயர்களே பெரும்பாலும் ஃப்ளெமிங்குடையவை அல்ல. ஹீரோவின் பெயர் உட்பட.

அண்ணன் நிழலில் ஒரு தம்பி

இயான் லங்காஸ்டர் ஃப்ளெமிங் 1908 மே 28-ல் லண்டனில் பிறந்தார். தாத்தா ராபர்ட் ஃப்ளெமிங் ஸ்காட்லாந்திலிருந்து வந்து பெரிய பேங்க் கட்டியவர். அப்பா வாலன்டைன் நாடாளுமன்ற உறுப்பினர். முதல் உலகப் போரில் 1917 மே 20-ல் குண்டடிபட்டு இறந்தார். இயானின் 9-வது பிறந்தநாளுக்கு அப்போது 8 நாள் இருந்தது. டைம்ஸ் பத்திரிகையில் இரங்கல் எழுதியவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் பீட்டர்தான் நட்சத்திரம். படிப்பில் முதல், பயண எழுத்தாளராக இளம் வயதிலேயே புகழ். இரண்டாம் உலகப் போரில் டெல்லியில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானியர்களைப் பொய்த் தகவலால் குழப்பும் பிரிவை நடத்தியவரும் இந்த அண்ணன்தான். தம்பியோ எதிலும் நிலைக்கவில்லை. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியைப் பாதியில் விட்டார். வெளியுறவுத் துறைத் தேர்வில் தேறவில்லை. ராய்ட்டர்ஸில் நிருபராகச் சேர்ந்து, 1933-ல் மாஸ்கோவில் பிரிட்டிஷ் இன்ஜினீயர்கள் மீது நடந்த வழக்கைப் பற்றி எழுதினார். அது நன்றாகவே வந்தது. ஆனால் சம்பளம் போதவில்லை என்று பேங்க், ஷேர் புரோக்கர் என்று மாறினார். அதிலும் சோபிக்கவில்லை.

1939-ல் கடற்படை உளவுத் துறையின் இயக்குநர் ஜான் காட்ஃப்ரேவுக்கு உதவியாளர் ஆனதும்தான் ஃப்ளெமிங்குக்குத் தன் இடம் கிடைத்தது. பாண்ட் போல அவர் துப்பாக்கியோடு சுவர் ஏறிக் குதிக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து திட்டம் தீட்டினார், ஃபைல் எழுதினார், ஆட்களை ஒருங்கிணைத்தார். ஸ்பெயின் ஜெர்மனி பக்கம் போய்விட்டால் என்ன செய்வது என்று போட்ட ஒரு திட்டத்துக்கு ‘கோல்டன்ஐ’ என்று பெயர். போருக்குப் பிறகு ஜமைக்காவின் ஒராகபெஸாவில் கடலைப் பார்த்து ஒரு வீடு கட்டி, அதற்கும் அதே பெயரை வைத்தார். 1995-ல் படத்துக்கும் அந்தப் பெயர் போனது. ஒரு ராணுவ ஃபைலின் பெயர், வீட்டுக்கு வந்து, தியேட்டர் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

போர் முடிந்து ஒரு பத்திரிகைக் குழுமத்தில் வெளிநாட்டுச் செய்தி மேலாளராகச் சேரும்போது ஃப்ளெமிங் ஒரு கண்டிஷன் போட்டார்: ஒவ்வொரு குளிர்காலமும் ஜமைக்கா போக நீண்ட லீவு வேண்டும். ஐடி கம்பெனியில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்! அவருக்குக் கிடைத்தது. 1952 தொடக்கத்தில் அந்த லீவில்தான் ‘கஸினோ ராயல்’ எழுதினார். மார்ச்சில் கல்யாணம், அதற்கு முன்பே முதல் பிரதி தயார். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், நாளுக்கு 2,000 வார்த்தை, எழுதியதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கடைசி வரை இதே முறைதான்.

பறவை ஆராய்ச்சியாளரின் பெயர்

ஹீரோவுக்குப் பெயர் வேண்டும். பகட்டாக இருக்கக் கூடாது, சாதாரணமாக, கொஞ்சம் டல்லாகவே இருக்க வேண்டும். ஜமைக்கா வீட்டில் ஃப்ளெமிங் அடிக்கடி புரட்டும் புத்தகம் ஒன்று இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகள் பற்றி, 1936-ல் முதலில் வெளிவந்தது. எழுதியவர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பறவையியலாளர் ஜேம்ஸ் பாண்ட். அட்டையில் இருந்த பெயர் அப்படியே நாவலுக்குள் வந்தது. யாரிடமும் கேட்கவில்லை.

அந்த நிஜ பாண்டுக்கு விஷயம் தெரியப் பல வருஷம் ஆனது. 1961-ல் அவர் மனைவி மேரி, ஃப்ளெமிங்குக்குக் கொஞ்சம் கிண்டலும் கொஞ்சம் கண்டிப்புமாக ஒரு கடிதம் எழுதினார். வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் நியாயம்தான் என்ற நிலைமை. ஃப்ளெமிங் மழுப்பவில்லை. ஆமாம், உங்கள் கணவரின் பெயரைத்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பதிலுக்குத் தன் பெயரை அவர்கள் இஷ்டம் போலப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். உங்கள் கணவர் என்றைக்காவது பார்க்கச் சகிக்காத ஒரு பறவையைக் கண்டுபிடித்தால் அதற்கு என் பெயரை வைத்துப் பழிதீர்த்துக்கொள்ளட்டும் என்றும் எழுதினார். ஜமைக்கா வந்தால் என் வீட்டில் தங்குங்கள் என்று அழைப்பும் விடுத்தார்.

1964 பிப்ரவரி 5-ல் பாண்ட் தம்பதி நிஜமாகவே அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்றைக்குக் கனடா டிவிக்காரர்கள் ஃப்ளெமிங்கைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர் அசல் பாண்ட்தானா என்று சந்தேகம் வந்து, தோட்டத்துப் பறவைகளைக் காட்டிப் பெயர் கேட்டுப் பார்த்தார் ஃப்ளெமிங். அப்புறம் மதிய சாப்பாடு, சிரிப்பு, கையெழுத்துப் போட்ட ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ புத்தகம் ஒன்று பரிசு.

பறவைக்கு மனிதன் பெயர் வைப்பது பெரும்பாறைக்காரர்களுக்கு அந்நியமான விஷயம் இல்லை. இதே மலைத்தொடரின் உயரமான சோலைகளில் பழனி சிரிப்பான் என்று ஒரு பறவை உண்டு. உலகில் மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழ்வது. 1869-ல் அதை அறிவியலுக்கு விவரித்த பிளான்ஃபோர்ட், அதைச் சேகரித்துத் தந்த அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்கின் பெயரை அதன் அறிவியல் பெயரில் சேர்த்துவிட்டார். பறவையியலில் இது ஒருவகை நன்றிக்கடன். எனக்கு இது தெரிய வந்தது இன்னாரால் என்று பெயரிலேயே எழுதி வைப்பது. ஃப்ளெமிங் செய்தது இதற்கு நேர் எதிர். யாரிடமிருந்து வந்தது என்பதைப் புத்தகத்தில் எங்கும் சொல்லாமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆனால் அவருக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. ‘லிவ் அண்ட் லெட் டை’ நாவலில் வூடூ சடங்கு பற்றி பேட்ரிக் லீ ஃபெர்மர் எழுதிய பயண நூலிலிருந்து நீண்ட பகுதியை எடுத்துப் போட்டபோது, நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் கதைக்குள்ளேயே சொல்லிவிட்டார். அதைவிட நல்ல உதாரணம் ஜெஃப்ரி பூத்ராய்ட். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இந்தத் துப்பாக்கி நிபுணர் 1956-ல் ஃப்ளெமிங்குக்கு ஒரு வாசகர் கடிதம் போட்டார். கதைகள் பிரமாதம், ஆனால் பாண்ட் வைத்திருக்கும் .25 பெரெட்டா பெண்கள் கைப்பையில் வைக்கிற துப்பாக்கி, இதை வைத்துக்கொண்டு ஒரு உளவாளி உயிரோடு இருக்க முடியாது என்ற ரீதியில். இப்படிக் குறை சொல்லும் ரசிகரை பிளாக் பண்ணிவிட்டுப் போகிற எழுத்தாளர்கள் உண்டு. ஃப்ளெமிங் நன்றி சொல்லிப் பதில் எழுதி, சந்தேகம் கேட்டு, தொடர்ந்து கடிதம் பரிமாறிக்கொண்டார். 1958-ல் வந்த ‘டாக்டர் நோ’ நாவலில் பாண்டிடமிருந்து பெரெட்டா பறிக்கப்பட்டு வால்தர் பிபிகே கொடுக்கப்படுகிறது. கொடுக்கச் சொல்லும் ஆயுத நிபுணரின் பெயர் மேஜர் பூத்ராய்ட். ஒரு வாசகரின் திருத்தத்துக்கு இதைவிட மரியாதையான பதில் இருக்க முடியாது. படங்களில் நாம் ‘கியூ’ என்று ரசிப்பது அந்தக் கதாபாத்திரத்தைத்தான்.

டைட்டில் வந்த வழிகள்

தலைப்புகளின் கதையும் இதேபோல்தான். ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ ஒரு வைர விளம்பர வாசகத்திலிருந்து வந்தது. ‘கோல்டுஃபிங்கர்’ நாவலுக்கு முதலில் உலகத்திலேயே பெரிய பணக்காரன் என்று பொருள்படும் தலைப்புதான் வைத்திருந்தார். வில்லனுக்கு வைத்த கோல்டுஃபிங்கர் என்ற பெயரோ, லண்டனில் வாழ்ந்த கட்டிடக் கலைஞர் எர்னோ கோல்டுஃபிங்கருடையது. அவர் பூத்ராய்ட் போல நட்பாகக் கடிதம் போடுகிற ஆள் இல்லை, வக்கீலிடம் போனார். ஆத்திரத்தில் ஃப்ளெமிங், வில்லனின் பெயரை ஆபாசமாக மாற்றிவிடுகிறேன் என்று கிளம்ப, பதிப்பகம் செலவுத் தொகையும் ஆறு பிரதிகளும் கொடுத்து சமாதானம் செய்தது. பிளோஃபெல்டு என்ற பெயர் ஈட்டன் பள்ளியில் உடன் இருந்த டாம் பிளோஃபெல்டிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த ஹென்றி பிளோஃபெல்டின் அப்பா.

ஃப்ளெமிங் வைத்த பெயரையும் மற்றவர்கள் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க பேப்பர்பேக்கில் ‘கஸினோ ராயல்’ வேறு தலைப்போடு வந்தது, ‘மூன்ரேக்கர்’ நாவலுக்கும் அதே கதி. இரண்டும் மட்டமான தலைப்புகள், யாருக்கும் நினைவில்லை. பிற்காலத்தில் ‘லைசென்ஸ் ரிவோக்டு’ என்று வைத்திருந்த படம், அமெரிக்கர்கள் டிரைவிங் லைசென்ஸ் என்று நினைத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் ‘லைசென்ஸ் டு கில்’ ஆனது.

நம்ம ஊரிலும் இது உண்டு. 1966-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ படத்துக்குப் பிறகு தென்னக ஜேம்ஸ் பாண்ட் என்ற பட்டம் ஜெய்சங்கரோடு ஒட்டிக்கொண்டது. ஃபிலடெல்ஃபியா பறவையியலாளரின் பெயர் சேலம் வரை வந்துவிட்டது. 1986-ல் கமல்ஹாசன் நடித்த உளவாளிப் படமான ‘விக்ரம்’ பெயரே 2022-ல் மறுபடி டைட்டில் ஆனது.

தண்டர்பால்: பெயர் போடாத பாவம்

இதுவரை சொன்னதெல்லாம் பெயர்கள். பெயரை எடுத்தால் ஒரு மன்னிப்புக் கடிதத்தில் முடியும். 1960-ல் ஃப்ளெமிங் எடுத்தது மற்றவர்களின் உழைப்பை.

1958 முடியும் சமயத்தில் பாண்டை சினிமாவாக்கும் ஆசையில் ஃப்ளெமிங், நண்பர் ஐவர் பிரைஸ், அயர்லாந்துக்காரரான இளம் தயாரிப்பாளர் கெவின் மெக்லோரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பஹாமாஸ், கடலுக்கடியில் சண்டை, திருடப்பட்ட அணுகுண்டு என்று கதை வளர்ந்தது. பல வடிவங்கள் எழுதப்பட்டன. தொழில்முறைத் திரைக்கதை ஆசிரியர் ஜாக் விட்டிங்ஹாமை அழைத்து முழுத் திரைக்கதையும் எழுத வைத்தார்கள். பணம் திரளவில்லை, படம் கிடப்பில் போனது.

1960 குளிர்காலத்தில் வழக்கம்போல ஜமைக்கா போன ஃப்ளெமிங்குக்குப் புதுக்கதை வேண்டும். வருஷத்துக்கு ஒன்று என்ற கட்டாயத்தில் கற்பனை களைத்துப் போயிருந்தது. கிடப்பில் கிடந்த அந்தக் கதையை எடுத்து ‘தண்டர்பால்’ நாவலாக எழுதிவிட்டார். புத்தகத்தை இன்னொரு நண்பருக்குச் சமர்ப்பணம் செய்தார். மெக்லோரி பெயரும் இல்லை, விட்டிங்ஹாம் பெயரும் இல்லை.

ஆபீஸில் டீமாகத் தயாரித்த பிரசன்டேஷனை ஒருவர் மட்டும் தன் பெயரில் மேலே அனுப்பினால் எப்படி இருக்கும் என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரிந்திருக்கும். 1961 மார்ச்சில், புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே மெக்லோரி கோர்ட்டுக்குப் போனார். வெளியீட்டை நீதிமன்றம் தடுக்கவில்லை, ஆனால் வழக்கு உயிரோடு இருந்தது. அடுத்த மாதம் ஃப்ளெமிங்குக்கு மாரடைப்பு. வயது 52. படுக்கையில் இருந்தபடி மகன் காஸ்பருக்காகப் பறக்கும் கார் கதை ஒன்று எழுதினார், ‘சிட்டி சிட்டி பேங் பேங்’.

வழக்கு 1963 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. செலவு தாங்காமல் விட்டிங்ஹாம் முன்பே வாதியாக இருப்பதிலிருந்து விலகியிருந்தார், சாட்சியாக மட்டும் நின்றார். சில நாட்களிலேயே ஃப்ளெமிங் தரப்பு சமாதானத்துக்கு வந்தது. மெக்லோரிக்கு 35,000 பவுண்டு நஷ்டஈடு, அதற்கு மேல் வழக்குச் செலவு, தண்டர்பால் கதையின் சினிமா உரிமை. இனி அச்சாகும் ஒவ்வொரு பிரதியிலும், இது மெக்லோரி, விட்டிங்ஹாம், ஆசிரியர் மூவரும் உருவாக்கிய திரைக்கதை வரைவை அடிப்படையாகக் கொண்டது என்று அச்சிட வேண்டும். முதலிலேயே அந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் கதை இவ்வளவு தூரம் போயிருக்காது.

போன தூரம் கொஞ்சநஞ்சம் இல்லை. 1965-ல் ‘தண்டர்பால்’ படத்தின் தயாரிப்பாளராக மெக்லோரி பெயர் வந்தது. 1983-ல் உதய்ப்பூரில் படமாக்கி, சென்னையின் விஜய் அமிர்தராஜ் நடித்த ‘ஆக்டோபஸ்ஸி’ வெளியான அதே வருஷம், தண்டர்பால் உரிமையை வைத்தே ஷான் கானரியோடு ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ என்று போட்டிப் படம் வந்தது. ஸ்பெக்டர் என்ற அமைப்பும் பிளோஃபெல்டும் இந்தக் கதையில்தான் பிறந்தவர்கள் என்பதால், பல ஆண்டுகள் அதிகாரப்பூர்வ பாண்ட் படங்கள் அந்தப் பெயர்களைத் தொடவே இல்லை. 1981 படத்தில் மொட்டைத் தலையும் பூனையுமாக வரும் வில்லனுக்குப் பெயரே சொல்லாமல் சமாளித்தார்கள். 2013-ல் மெக்லோரி குடும்பத்தோடு உடன்பாடு ஆன பிறகுதான், 2015-ல் ‘ஸ்பெக்டர்’ என்ற டைட்டில் சாத்தியமானது. அதற்குள் ஃப்ளெமிங், விட்டிங்ஹாம், மெக்லோரி மூவருமே உயிரோடு இல்லை.

கடைசி மன்னிப்பு

வழக்கு முடிந்து ஒன்பது மாதம்கூட ஃப்ளெமிங் வாழவில்லை. சிகரெட்டையும் மதுவையும் குறைக்கச் சொன்ன டாக்டர்களை அவர் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை. 1964 ஆகஸ்ட் 11-ல் கான்டர்பரியில் மறுபடி மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸ்காரர்களிடம், உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாராம். 12-ம் தேதி அதிகாலை இறந்தார். வயது 56. அன்றைக்கு மகன் காஸ்பருக்கு 12-வது பிறந்தநாள். தன் அப்பாவின் சாவு தன் பிறந்தநாளை ஒட்டி வந்த அதே துயரம், மகனுக்கு இன்னும் கொடுமையாக வந்தது. ‘கோல்டுஃபிங்கர்’ படம் ரிலீஸ் ஆக ஒரு மாதம் இருந்தது.

அப்படியானால் அந்த நாலு டைட்டில்?

நாலில் மூன்று சிறுகதைகளின் சம்பவங்களைப் படங்கள் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டன. ஏலம் நடக்கும் காட்சி ‘ஆக்டோபஸ்ஸி’யில், ‘ரிஸிகோ’ ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’யில், ‘ஹில்டிப்ராண்ட் ராரிட்டி’யின் மில்டன் கிரெஸ்ட் ‘லைசென்ஸ் டு கில்’லில். மிச்சம் தலைப்பு மட்டும்தான். இதில் ‘தி ப்ராப்பர்ட்டி ஆஃப் எ லேடி’ லண்டன் ஏல நிறுவனம் சதபீஸின் ஆண்டு மலருக்காக 1963-ல் எழுதியது. கதை சரியாக வரவில்லை என்று ஃப்ளெமிங்குக்கே தோன்றி, பணம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ரசிகர்கள் அதிகம் கேட்கும் தலைப்பும் அதுதான்.

இந்தியாவில் இருந்து பார்த்தால் இன்னொரு விஷயம். இங்கே எழுத்தாளர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு வரைதான் காப்புரிமை. அதாவது ஃப்ளெமிங் உயிரோடு இருக்கும்போது வெளியான நாவல்களும் கதைகளும் 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொதுச்சொத்து. இந்த நாலும் அதில் அடக்கம். பிரிட்டனில் 2035 வரை காத்திருக்க வேண்டும். தலைப்புக்கு மட்டும் தனியாகக் காப்புரிமை கிடையாது என்று நம் உச்ச நீதிமன்றமே 2015-ல் ஒரு இந்திப்பட வழக்கில் சொல்லிவிட்டது. சினிமாவும், 007 டிரேட்மார்க்கும் வேறு கணக்கு, அதைத் தொட முடியாது. ஆனால் ‘கஸினோ ராயல்’ நாவலைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

‘தண்டர்பால்’ மட்டும் அவ்வளவு சுலபம் இல்லை. அதில் பங்குள்ள மெக்லோரி இறந்தது 2006-ல். அதை மொழிபெயர்க்க நினைப்பவர் முதலில் ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டியிருக்கும். முதல் பக்கத்தில் மூன்று பேரின் பெயரையும் போட வேண்டியிருக்கும்.